பத்தாவது பங்கேற்பாளர்

ஆகஸ்ட் 4, திங்கள்

குரல் பதிவு இன்று முடிந்தது. அறுபது வாக்கியங்கள். இருபது பாராட்டு, இருபது வசை, இருபது அர்த்தமே இல்லாதவை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கான சோதனை, காதில்தான் கேட்க வைக்கவேண்டும். கன்னடக்காரர்களின் இந்த மூளை ஆய்வு லேபில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. அதனால் எல்லாம் என் குரல்.

'உன் கை தங்கம்.' 'நீ வீட்டுக்கு விளக்கு.' 'உன் தலையில் களிமண்.' 'நீ பூமிக்குப் பாரம்.'

வாக்கியத்தில் சொல்லோடு சொல் பொருந்தினால் வலது கட்டைவிரலில் பச்சைப் பொத்தான். பொருந்தாவிட்டால் இடது கட்டைவிரலில் சிவப்பு. தலையில் கம்பிகள் வைத்த தொப்பி. பொருந்தாத சொல் காதில் விழுந்தால், அரை நொடி ஆவதற்குள் மூளையின் அலை எழும்பும். பழகிய உருவகத்துக்கு அவ்வளவாக எழும்பாது.

மொழிபெயர்ப்பைப் படித்த லேப் தலைவர் மனிஷா மேடம், வசைகள் மிக இயல்பாக இருக்கின்றன, எங்கே சேகரித்தாய் என்று கேட்டார். ஊரில் என்றேன். வீட்டில் என்று சொல்ல வாய் வரவில்லை. இருபதும் அம்மாவிடம் அப்பா சொல்பவை. ஒரே மாலையில் எழுதிவிட்டேன். பாராட்டு இருபதுக்குத்தான் ஒரு வாரம் திண்டாடினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒன்பது பேர் ஆகிவிட்டது. கட்டட வேலை செய்யும் சித்தம்மா பத்தாவதாக வருகிறேன் என்றாள், வரவில்லை. மாதக் கடைசிக்குள் பத்து ஆகாவிட்டால் என் ஒப்பந்தம் நீளாது. மேடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஊழியரின் உறவினர் கூடாது என்பது விதி. அம்மாவை வரச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் ஊர் மார்டள்ளியிலிருந்து அம்மா முதல் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தாள். புதுச் சேலை. உள்ளே என்னை மகள் என்று சொல்லாதே என்று வாசலிலேயே சொன்னேன். "செரி" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

'எங்கள் ஊர்க்காரம்மா' என்று டெக்னீஷியன் விஜய்குமாரிடம் அறிமுகப்படுத்தினேன். அம்மா அவனைக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி என்னையும் கும்பிட்டாள். "வணக்கமுங்க."

தொப்பி மாட்டிப் பசை விடும்போது, தலையில் எத்தனை லிட்டர் எண்ணெய் என்று அவன் கன்னடத்தில் சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். 'சோறு மாடி ஏறுகிறது' — சிவப்பு. சரிதான். 'உன் தலையில் களிமண்' — பச்சை, யோசிக்கவேயில்லை. அலை அசையவில்லை. 'உன் கை தங்கம்' — அலை எழும்பியது. சிவப்பு. 'நீ வீட்டுக்கு விளக்கு' — எழும்பியது. இடது கட்டைவிரல், சிவப்பு.

வசை இருபதும் பச்சை. பாராட்டு இருபதும் சிவப்பு.

பின்பக்கக் குழாயடியில் அவள் தலையைக் கழுவிவிட்டேன்.

"அதெல்லாம் உங்கப்பன் பேச்சாச்சே. நீயா கண்ணு எழுதிக் குடுத்தே?"

பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பேச்சுக்கு ஏன் சிவப்பை அழுத்தினாய் என்று கேட்டேன்.

"பொருந்துனாத்தான் பச்சைன்னாங்க. எனக்கு எங்க பொருந்துச்சு?" ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டே, "உன்ற கொரல்ல கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

பஸ் ஏறும்போது, நான் பாஸா என்று கேட்டாள். பாஸ் என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

அம்மா சரியாக அழுத்தியது அறுபதுக்கு நாற்பது. நாற்பத்திரண்டு வேண்டும். இல்லாவிட்டால் கணக்கிலிருந்து விலக்கவேண்டும். படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. அலையே சொல்கிறது. ஆனால் தனக்குப் பொருந்தியதைத்தான் அழுத்தினாள் என்று எழுதினால், அவளைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்பார் மேடம். அம்மா என்று சொல்லவேண்டும். அந்த இருபது வாக்கியங்கள் யாருடையவை என்றும் சொல்லவேண்டும். பிறகு வேலை ஏது?

'படிப்பறிவு இல்லாததால் சோதனையைப் புரிந்துகொள்ளவில்லை.'

நான்தான் எழுதினேன். என் கையெழுத்துதான். இத ஆருகிட்டப் போய்ச் சொல்றது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சித்தம்மா வந்தாள். அம்மாவின் பங்கேற்பாளர் எண்ணையே அவளுக்குக் கொடுத்தோம். பத்து.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவின் போனில் அப்பா. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பின்னால் சீனு சித்தப்பாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும்.

"உங்கொம்மா பாஸாயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. நீ படிச்சவ, பொய் சொல்லமாட்டே. இவளுக்கு ஒன்னாச்சும் புரிஞ்சுதா சாமி?"

புரிந்தது என்று ஒரு சொல் போதும். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய வரிதான் கண்முன் நின்றது. எவ்வளவு நேரம் சும்மா இருந்தேனோ. அரை நொடியைவிட எவ்வளவோ அதிகம். அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"பாத்தீங்களா, மிசினே சொல்லிப்போட்டுது, களிமண்ணுன்னு."

பிறகு அம்மாவின் குரல், தூரத்திலிருந்து. "புள்ளைக்கு வேலை இருக்கும். வெச்சிருங்க."

ஆகஸ்ட் 28, வியாழன்

அம்மாவை மூன்று முறை கூப்பிட்டேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

ஒப்பந்தம் ஓராண்டு நீண்டது. படிவத்தில் நான் எழுதிய காரணத்தைப் பார்த்து, அடுத்த சோதனைக்கான தகுதியில் 'பத்தாம் வகுப்புத் தேர்ச்சி' சேர்க்கச் சொன்னார்கள். தட்டச்சு செய்து கொடுத்தேன்.

காலைக் கூட்டத்தில் மேடம் கன்னடத்தில், "இந்தப் பெண் நம் லேபின் தங்கம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. அதற்குள் மேசைக்கடியில், இல்லாத பொத்தானின்மேல், என் இடது கட்டைவிரல் அழுந்தியிருந்தது.