கல்லுக்குள் படுத்திருந்த சிங்கம்

அண்ணி,

இன்றைக்குப் பக்கத்து லயத்து வீட்டில் யாரோ பலாக்கொட்டை சுட்டார்கள். மழைக்காற்றோடு அந்த வாசம் வந்ததும் நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. சுவிஸ் தேசத்து லூசர்ன் பட்டணத்தில், ஆற்றங்கரையில், உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே தெருமுனையில் ஒருவன் இரும்புச் சட்டியில் ஏதோ கொட்டையை வறுத்து விற்றான். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம பலாக்கொட்டதான் புள்ள, கொஞ்சம் சீனி போட்டிருக்கான்" என்றீர்கள்.

அண்ணன் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடைமழையில் ஆறாம் நம்பர் மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனவரை, எவ்வளவு தோண்டியும் எடுக்க முடியவில்லை. உடம்பைப் பார்க்காததால் உங்களுக்கு அழுகையும் வரவில்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பங்களாவுக்குப் போய், தோட்டத்துத் துரையின் பெண்சாதி தொரசாணியின் குழந்தையைப் பார்த்துக்கொண்டீர்கள். தொரசாணிக்கு நெஞ்சில் நோவு, குளிர்தேசத்துக் காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்ல, ஆயாவாக நீங்களும் கைத்துணையாக நானும் கப்பலேறினோம்.

அந்தப் பட்டணத்தை நான் கண்ணால் பார்த்தேனா, தூக்கத்தில் பார்த்தேனா என்று இப்போதும் சந்தேகம் வருகிறது. ஏரியிலிருந்து பனி எழுந்து வரும். பனிக்குள் கோயில் மணி அடிக்கும். ஆற்றுக்குக் குறுக்கே, வீட்டுக்குப் போடுவதுபோல் ஓட்டுக்கூரை போட்ட மரப்பாலம். கூரைக்கு அடியில் வரிசையாகச் சித்திரங்கள். இன்னொரு பாலத்துச் சித்திரங்களில் ஓர் எலும்புக்கூடு ராஜாவையும் வியாபாரியையும் கல்யாணப் பெண்ணையும் கைபிடித்து அழைத்துப் போனது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தீர்கள்.

"இங்கயும் இவன்தான் பெரட்டுக்குக் கூப்பிடுறான். ஒருத்தரும் லேட்டாப் போக முடியாது போல," என்றீர்கள். விடியற்காலைப் பெரட்டில் கங்காணி வேலைக்குப் பேர் கூப்பிடும் சத்தம் அந்தப் பாலத்தில் எனக்குக் கேட்டது.

மறுநாள் தொரசாணி நம்மை வண்டியில் கூட்டிப்போய் அந்தச் சிங்கத்தைக் காட்டினார். ஒரு மலைப்பாறை முழுவதையும் குடைந்து, அதற்குள் படுத்திருக்கும் சிங்கம். விலாவில் முறிந்த ஈட்டி. கீழே அசையாத குளம். சாகிற முகம்தான், ஆனால் கோபமே இல்லை.

"யாருக்காக இது?" என்று கேட்டீர்கள்.

தோட்டத்தில் பழகிய தமிழில் தொரசாணி சொன்னார்: "இந்த ஊர் ஆளுங்க. வேற நாட்டு ராஜாகிட்ட சிப்பாய் வேலைக்குப் போனாங்க. அங்கயே செத்தாங்க. திரும்பி வரல."

குளக்கரைக் கட்டையில் உட்கார்ந்தீர்கள். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு, ஒரு வருஷமாக வராத அழுகை வந்தது. பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். தொரசாணி குழந்தையை வாங்கிக்கொண்டார். உங்கள் தலையை என் மடியில் சாய்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

குளிர்காலம் நெருங்கியதும் தொரசாணி கேட்டார்: "நீ இங்கயே என்கூட இரு. குழந்தை உன்னை விட்டு இருக்காது. அங்க உனக்கு யார் இருக்கா?"

நீங்கள் இருந்துவிடுவீர்கள் என்றே நினைத்தேன். கதகதப்பான அறை, அட்டைக்கடி இல்லாத பிழைப்பு. தனியாகக் கப்பலேற வேண்டுமே என்று எனக்குப் பயம். நீங்கள் குழந்தையின் தலையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னீர்கள்:

"எங்க மலைக்குள்ள அவரு இருக்காரும்மா. நான் போறேன்."

கடல் தாண்டித் திரும்பி வந்து, பண்டாரவளையில் ரயிலைவிட்டு இறங்கித் தோட்டத்துக்கு நடந்தோம். மூட்டையை லயத்தில் இறக்கி வைக்கக்கூட இல்லை, நேரே ஆறாம் நம்பருக்குப் போனீர்கள். சரிந்த இடத்தில் புதுத் தேயிலைக் கன்று வைத்திருந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. புருஷன் பேரை ஒருநாளும் வாயால் சொல்லாதவர் நீங்கள். கங்காணி கேட்டாலும் என்னைத்தான் சொல்லச் சொல்வீர்கள். அன்றைக்கு மலையைப் பார்த்து, பக்கத்து வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல், "மாரிமுத்து, நான் வந்துட்டேன்" என்றீர்கள்.

கேட்டது நானும் அந்த மலையும்தான்.

போன மாசம் காய்ச்சல் உங்களையும் கொண்டுபோய்விட்டது. ஆறாம் நம்பரில் இப்போது தேயிலைச் செடி இடுப்பளவு நிற்கிறது. அங்கே கொழுந்து எடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணன் பேரைச் சொல்கிறேன், அடுத்து உங்கள் பேரையும் சொல்கிறேன். சத்தமாகத்தான்.