பெரிய வெள்ளியன்று படகு போகவில்லை

3-4-1971, சனி
ஆய்வேட்டில் ஒரே ஒரு வாக்கியம் நகர்ந்தது. "நெருக்கடியில் எதிராளியின் மௌனத்தை யாரும் வெறும் மௌனமாக எடுத்துக்கொள்வதில்லை." நன்றாக இருக்கிறது. உண்மையா? 1962 நெருக்கடியில் க்யூபாவைச் சுற்றி நின்ற அமெரிக்கக் கப்பல்களைப் பற்றி, ராயபுரத்து மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
இன்று என்னோடு பேசியவர்: பஸ் கண்டக்டர்.

5-4, திங்கள்
அலுவலகத்தில் மேனேஜர் வால்டர் கூப்பிட்டார். "உனக்கு பெங்காலி வருமா, மேன்?"
வரும். கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவன்.
துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிரேக்கக் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. நாங்கள்தான் அதற்கு ஏஜெண்ட். சரக்கு இறக்கியாகிவிட்டது. அடுத்து கொழும்பு, பிறகு கராச்சி. மாலுமிகளில் பதினொரு பேர் கிழக்கு வங்காளத்துக்காரர்கள். டாக்காவில் போன மாதக் கடைசியில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய படுகொலையை ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள். கராச்சியில் இறங்கினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். இங்கேயே இறக்கிவிடச் சொல்லி, நங்கூரம் தூக்கும் இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் எழுந்தால்தான் கப்பல் நகரும்.

6-4
நாள் முழுக்கக் கப்பலில்.
கேப்டன்: "ஒப்பந்தம் முடியாமல் ஒருவனும் இறங்க முடியாது."
மாலுமிகளின் தலைவர் ஹுமாயூன், நரைத்த தாடி, அமைதியான குரல்: "கராச்சி என்றால் நங்கூரம் எழாது."
இமிக்ரேஷன் அதிகாரி: "டெல்லியிலிருந்து பதில் வரட்டும்."
மூவரில் ஒவ்வொருவரும் மற்ற இருவர் களைப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான். கேப்டனாக "நான் விடமாட்டேன்" என்கிறேன். ஹுமாயூனாக "நான் எழமாட்டேன்" என்கிறேன். இத்தனை "நான்" சொல்லிவிட்டு வீடு திரும்பினால், எனக்கென்று ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை.

7-4
கேப்டன் அவர்களுக்குச் சாப்பாட்டை நிறுத்தினான். ஆனால் காலையில் ஒரு மீன்பிடிப் படகு கப்பலை ஒட்டி வந்தது. சோறு, தண்ணீர், வறுத்த மீன், எல்லாம் கயிற்றில் மேலே போயிற்று. படகில் யார்? என் வீட்டுக்காரர் சவரிநாதன். கேப்டன் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். வால்டரிடம் சொன்னேன். "நான் ஒண்ணும் கேக்கல, மேன்."
வீட்டில் சவரிநாதன் அண்ணனைக் கேட்டேன்.
"பட்டினி போட்டு இன்னாத்த சாதிக்கப் போறான் அந்த ஆளு? சோறு குடுக்கறதுக்கு எவனாண்ட உத்தரவு கேக்கணும்? நீ கண்டுக்காத, எம்மே."
எம்.ஏ. படித்ததால் நான் எம்மே. அவர் மனைவி அடைக்கலமேரி அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.
யாரும் பேசி முடிவு செய்யாத ஒப்பந்தம் இது. அந்தப் படகு போகும்வரை எல்லோராலும் காத்திருக்க முடியும். இதற்கு என் ஆய்வேட்டில் இடம் எங்கே?

8-4
கேப்டன் இளகுகிறான். நோயாளிகள் என்று காட்டிக் கரையிறக்கினால் டெல்லிவரை போக வேண்டாமாம். அதிகாரியும் தலையாட்டிவிட்டார். தோற்றதாக யாரும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இனி முடிந்துவிடும்.

9-4, வெள்ளி
முடியவில்லை.
அலுவலகம் விடுமுறை. தாமதமாக எழுந்தேன். கீழே அடுப்பு மூட்டவில்லை, எல்லோரும் கோயிலில். பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்த நாள். மத்தியானம் எங்கள் அலுவலக மோட்டார் லாஞ்ச் ஓட்டும் காஜா மொய்தீன் ஓடி வந்தார். "கப்பல்ல பேஜாராயிடுச்சி சார்!"
காலையிலிருந்து படகு போகவில்லை. சவரிநாதனுடையது மட்டுமல்ல, கடலில் ஒரு படகுகூட இல்லை. மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? போலீஸ் கரையையே அடைத்துவிட்டது என்றுதான். மாலுமிகள் கப்பலின் இரண்டாம் அதிகாரியை ஓர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேப்டனுக்கும் விளங்கவில்லை. அவனுடைய கிரேக்கச் சபைக்குப் பெரிய வெள்ளி அடுத்த வாரம்தான். ஆயுதப் போலீஸ் கேட்டு ஒயர்லெஸ் அனுப்பிவிட்டான்.
எனக்குத் தெரியும். கப்பல் விவகாரத்தில் இருப்பவர்களில் இந்தத் தெருவில் குடியிருப்பவன் நான் ஒருவன்தான். இன்று படகு வராது என்று நேற்றே சொல்லியிருக்கலாமே? ஏன்டா தோணல உனக்கு?
கோயில் வாசலில் சவரிநாதனைப் பிடித்தேன்.
"இன்னிக்கி எவனும் கடல்ல துடுப்பு வெக்க மாட்டான். எங்கப்பன் வெச்சதில்ல, நானும் வெக்க மாட்டேன்."
"போலீஸ் ஏறினா சுட்டுடுவாங்கண்ணே."
அவர் முகம் மாறியது. பதில் மாறவில்லை. "நாளிக்கி விடிஞ்சதும் வரேன். சவரிநாதன் சொன்னான்னு போய்ச் சொல்லு."
லாஞ்சில் போனேன். பூட்டிய கதவுக்கு இப்பால் நின்று ஹுமாயூனிடம் சொன்னேன்: இன்று இவர்களுக்குத் துக்க நாள், யாரும் கடலுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.
உள்ளே சிரித்தார்கள்.
"நாங்கள் பட்டினி கிடக்கும் நாளாகப் பார்த்து உங்களுக்குத் துக்க நாளா? நீ ஆபீஸ்காரன், தம்பி."
உண்மையான காரணம். அதை யாரும் நம்பவில்லை. பொய்யாக ஒன்று ஜோடித்திருந்தால் நம்பியிருப்பார்களோ?
பிறகு என் வாயிலிருந்து வந்தது: "அதிகாரியை விடுங்கள். பதிலுக்கு நான் உள்ளே இருக்கிறேன். காலையில் படகு வராவிட்டால் உங்கள் இஷ்டம்."
எதையும் எடைபோடவில்லை. சாதகம், பாதகம் — ஒன்றுமில்லை.
கதவு திறந்தது. அவர் வெளியே, நான் உள்ளே. போலீஸை நிறுத்திவைக்கக் கேப்டன் சம்மதித்தான்.

10-4
விடிந்ததும் கீழேயிருந்து குரல்.
"யோவ் எம்மே! உயிரோட கீறியா? கயித்த வுடு, சோறு கீது! ஒங்கக்கா நேத்துலருந்து பொலம்பிகினு கீறா!"
பத்துப் பேரும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். ஹுமாயூன் மட்டும் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இந்த வாரத்தில் முதல் தடவை.

11-4, ஞாயிறு
முடிந்தது. பத்துப் பேர் நோயாளிகளாகக் கரையிறங்கலாம். ஆனால் கேப்டனும் தன் முதலாளிகளிடம் எதையாவது காட்டவேண்டும். அதனால் அவன் நிபந்தனை: நங்கூரத்தை ஹுமாயூனே தூக்க வேண்டும், கப்பலோடு வரவேண்டும்.
நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையசைத்தார். தணிந்த குரலில் என்னிடம்: "என்னைக் கொழும்பில் இறக்கிவிடுவதாகக் கேப்டன் சொன்னான் என்று இவர்களுக்குச் சொல். இல்லாவிட்டால் ஒருவனும் இறங்க மாட்டான்."
கேப்டன் அப்படி எதுவும் சொல்லவில்லை.
திரும்பி நின்று, உரக்க, சுத்தமான வங்காள மொழியில் சொன்னேன். உடனே நம்பிவிட்டார்கள்.

12-4
கப்பல் போய்விட்டது.

24-4
அலுவலகத்துக்குத் தந்தி. கப்பல் கராச்சி சேர்ந்துவிட்டது. ஆட்களைப் பற்றி ஒன்றுமில்லை. அடைக்கலமேரி அக்கா கேட்டாள்: "அந்தத் தாடிக்காரரு இன்னா ஆனாரு?" தெரியாது என்றேன்.

2-5, ஞாயிறு
அந்தப் பத்துப் பேரையும் கொருக்குப்பேட்டையில் ஒரு கிடங்கில் தங்கவைத்திருக்கிறார்கள். சொல்லிவிடுவது என்று போனேன். அவர்களில் இளையவன் பஷீர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.
"கொழும்பு என்று நான் சொன்னது பொய்."
கத்தி நிற்கவில்லை. "தெரியும்."
"எப்போது தெரிந்தது?"
"நீ சொல்லும்போதே. நம்புவது என்று முடிவு செய்தோம்."
"எல்லோரும் பேசியா?"
"பேசவில்லை. அவனவன் தனியாக. அன்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை."