பிந்தி வந்தவர்களின் வரிசை

12 பெப்ரவரி, திங்கள்

வாடைக் காற்று. துறையடியில் நெல் லொறி ஒன்று பாதை என்கிற மிதவைப் படகில் ஏறமாட்டாமல் சறுக்கி நின்றது. எல்லாரும் தள்ளி ஏற்றி, கடல் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்துப் போனால் கொலிஜ் கேற் பூட்டு. பிந்தி வந்தவர்களின் வரிசையில் இன்றைக்கும் நான். வெயில்.

கேட்டவன் தயாபரன். என் வகுப்புத்தான், ஆனால் மாணவர் தலைவன்.

“ஏன் பிந்தி வந்தனீ?”

“பாதை சுணங்கிப் போச்சு.”

“வெள்ளிக்கிழமையும் பாதை, இண்டைக்கும் பாதை. வேறை கதை இல்லையோ?”

வரிசையே சிரித்தது. வகுப்புக்குள் போனால், “பாதை வந்திட்டுது, எல்லாரும் ஏறுங்கோ.” அவன்தான் தொடக்கி வைத்தது.

எங்கள் கிண்ணியாவில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை என்று இங்கே மாறி வந்து ஒரு மாதம். ஹனீபா என்று ஒருத்தனும் இன்னும் கூப்பிடவில்லை. பெயர் பாதை. உட்காருவது பின் வாங்கில் தனியே.

இவனை விடமாட்டேன்.

14 பெப்ரவரி, புதன்

மழைத் தூறல். இரசாயனம் ஒன்றும் விளங்கவில்லை. தயாபரனுக்குச் செய்யக்கூடியவை:

1. சைக்கிள் காற்றைத் திறந்து விடுதல். சின்னத்தனம்.
2. அடித்தல். அவன் உயரம்.
3. பொறுத்தல். உம்மா சொல்வது. ஏலாது.

18 பெப்ரவரி, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். ஆடு தானாகவே கத்தியடிக்கு வந்தது.

தேத்தண்ணிக் கடையில் தயாபரன்! அக்காவின் கலியாணத்துக்கு எருமைத் தயிர் சொல்லிவைக்கக் கிண்ணியாவுக்கு வந்தானாம்.

“கடைசிப் பாதை எப்ப?”

“மஃரிபுக்குப் பிறகும் ஒண்டு இருக்கு. ஆறுதலாப் போ.”

முழுப் பொய். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபட முதலே கட்டிவிடுவார்கள். அவன் சிரித்துக்கொண்டு, “தாங்ஸ், பாதை.”

அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே துறையடியில் நுளம்புக்குச் சாப்பாடாகட்டும்.

19 பெப்ரவரி, திங்கள்

கெடுத்தது வாப்பா. நேற்று இரவு தொழுதுவிட்டு வரும்போது துறையடியில் தயாபரனைக் கண்டு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

உம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை. “மகன்ட கொலிஜ் புள்ளயா? இரிங்க மகன், முகம் கழுவிட்டு வாங்க.” எனக்கென்று எடுத்து வைத்த பொரித்த மீன் அவனுக்கு. என் தலையணை அவனுக்கு. எனக்குப் பாயும் வயிற்றெரிச்சலும்.

சாப்பாட்டில் உம்மா, “ஞாயித்துக்கிழம பொழுதுபட்டாப் பாதை இல்லயே மகன். ஆரு ஒங்களுக்குச் சொன்ன?”

நான் சோற்றுக்குள் குனிந்தேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

“நான்தான் பிழையா விளங்கிட்டன், உம்மா.”

என் உம்மாவை இவன் உம்மா என்கிறான். காட்டிக்கொடுத்திருந்தால்கூட ஆறியிருக்கும். இவன் தயவில் நான் தப்புவதா?

காலையில் பாதை வழக்கம்போலச் சுணக்கம். இருவரும் பிந்திப் போனோம். கேற்றடியில் சின்னத் தலைவன் ஒருத்தன், “தயா அண்ணை, நீங்கள் உள்ளுக்கு வாங்கோ.” போனான். நான் வரிசையில். அவன் தலைவர் பட்ஜைக் குத்திக்கொண்டு வெளியே வந்து ஒவ்வொருத்தனாகக் கேட்டு, என்னிடம், அதே குரலில்:

“ஏன் பிந்தி வந்தனீ?”

என் மீன் இன்னும் அவன் வயிற்றில்.

எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: “நீ வந்த பாதையிலதான் நானும் வந்தனான். நீ ஏன் பிந்தி வந்தனீ?”

வரிசை சிரித்தது. இந்தமுறை அவனைப் பார்த்து. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. பட்ஜைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வரிசைக் கடைசியில் போய் நின்றான்.

நிற்கட்டும்.

20 பெப்ரவரி, செவ்வாய்

வெயில். நேரத்துக்கே போய்விட்டேன்.

விடியவே உம்மா இரண்டு சோற்றுப் பார்சல் கட்டினார். “மத்தது அந்தப் புள்ளக்கி. மறக்காமக் குடு.” ஓம் என்றேன்.

தயாபரன் வகுப்புக்குள் வர நான்தான் முதலில் கத்தினேன், “பாதை வந்திட்டுது!” வகுப்பே சேர்ந்து கத்தியது. ஒருத்தன் என் முதுகில் தட்டினான். முன் வாங்கில் தள்ளியிருந்து இடம் விட்டார்கள். ஒரு மாதமாகக் கேட்டது இதைத்தான்.

தயாபரன் போகிற போக்கில் என் பக்கத்தில் நின்றான்.

“உம்மா சுகமோ, ஹனீபா?”

இந்தக் கொலிஜில் என் பெயரைச் சொன்ன முதல் ஆள். இவனா சொல்ல வேண்டும்?

பார்சல் என் பைக்குள்தான் இருந்தது. எடுக்கவில்லை. பின்னேரம் பாதையில் வைத்து அதையும் நானே தின்றேன். உம்மா அவனுடையதில்தான் பெரிய மீன் வைத்திருந்தார்.