வலது ஓரத்து வரிசை

பாப்பா,

சுதந்திர தினத்தன்று செங்கல்பட்டு மைதானத்துக்கு நான் வந்திருந்தேன். அவர் வரவில்லை, நான் மட்டும்தான். கேளம்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மேடைக்குப் பக்கத்தில் கயிற்றை ஒட்டி நின்றுகொண்டேன். அணிவகுப்பில் 'தாஹினே தேக்', அதாவது வலப்பக்கம் பார் என்று கத்தினால் எல்லா முகமும் மேடைப் பக்கம் திரும்பும் என்று யூடியூபில் பார்த்து வைத்திருந்தேன்.

உங்கள் பள்ளி என்.சி.சி. அணி வந்தது. வலது ஓரத்தில் நீ. சதுரங்கப்பட்டினத்து வீட்டை விட்டு அவரோடு நான் கிளம்பியபோது என் இடுப்பளவுதான் இருந்தாய். பூட்ஸ் பளபளவென்று இருந்தது. உங்கப்பா உட்கார்ந்து தேய்த்திருப்பார்.

குரல் கேட்டதும் பிள்ளைகள் சட்டென்று திரும்பினார்கள். நீ திரும்பவில்லை. நான் அங்கே நிற்பது தெரிந்துதான் திரும்பவில்லை என்று நினைத்தேன்.

பக்கத்தில் நின்றவரிடம், அந்த ஓரத்துப் பெண் ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன்.

"ஓரத்து வரிசை தலைய திருப்பக் கூடாதும்மா. நேரா பாத்துகினுதான் போவணும். அதான் ரூலு" என்றார். "இன்னாம்மா, உன் பொண்ணா?"

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அந்த ரூலைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அரை மணி நேரம் அதை நினைத்துக்கொண்டே வெயிலில் நின்றேன்.

பிறகு அணி கலைந்தது. கையில் லட்டோடு சிரித்துக்கொண்டே வந்த நீ என்னைப் பார்த்தாய். நன்றாகவே பார்த்தாய். யாரும் கத்தவில்லை, எந்த ரூலும் இல்லை. நீயாகத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்