பதினோராம் நம்பர் பாத்திரம்

அக்டோபர் 3, சனி

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டினேன். ஊரே சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கண் பரிசோதனைக்கு எவன் வருவான்? அடுத்த சனிக்கிழமை இலையுதிர் கால உணவு விழாவாம். நலச் சங்கத்துச் செயலாளரம்மா நேரே கடைக்குள் வந்து, ஃபிரேம் மாட்டிப் பார்க்கிற கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். 'பசியைச் சேர்ந்து உண்போம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பசியை எப்படிங்க உண்பது என்று கேட்டேன்.

"அது ஒரு கருத்துங்க" என்றார்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாத வயதானவர்களுக்கு வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற திட்டம். அதற்கு நிதி திரட்டத்தான் விழா. நல்ல காரியம், நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் சாப்பிட வேண்டுமானால் முதலில் நாம் மூக்கு முட்டச் சாப்பிட்டாக வேண்டும் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

அக்டோபர் 5, திங்கள்

என் வீட்டுக்காரர் இரண்டு டிக்கெட் வாங்கி வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாலு மனுஷங்களைப் பாத்தா உனக்கும் நல்லதுதானே."

நாள் பூராவும் மனுஷங்க கண்ணுக்குள்ளேயேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்ப்பது?

விழாவின் விதிமுறை பலே விதிமுறை. வீட்டில் சமைக்கிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவர வேண்டும். பாத்திரத்தில் நம்பர் மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது. பரிமாறுவது சங்கத்து ஆட்கள். சமைத்தவர் கூட்டத்தோடு கூட்டமாக ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்க வேண்டும். நாம் ருசி பார்த்து ஒரு நம்பரைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து, அந்த நம்பர்காரர் வீட்டில் நமக்கு விருந்து. யார் வீடு என்று பிறகுதான் சொல்வார்கள். ஆள் பிடிக்கவில்லை, வீடு தூரம் என்றெல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது. கல்யாணத்தைக்கூட இப்போதெல்லாம் இப்படிச் செய்வதில்லை.

அக்டோபர் 7, புதன்

அக்காவைப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் காய்கறிப் பையோடு நடந்துபோனாள். நடைபாதை விளிம்பில் கால் இடறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கடை வாசலில்தான் நின்றேன். என்னைப் பார்த்தாளா இல்லையா தெரியவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி போவதில் அவள் கெட்டிக்காரி. நான் மட்டும் என்ன, உள்ளே போய்த் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

நாலு தெரு தள்ளித்தான் வீடு. பேசி மூன்று வருடம் ஆகிறது. அப்போது பித்தப்பையில் கல் என்று அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடி வாங்க வந்த யாரோ ஒருத்தி, "உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டுத்தான் எனக்கே தெரியும். பிளேடால் கீறின மாதிரி இருந்தது. ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "உன்கிட்ட சொன்னா நீ வந்து கிண்டல் பண்ணுவே. எனக்குத் தெம்பு இல்ல."

நான் கிண்டல் பண்ணுவேனாம். நானாம்!

அக்டோபர் 10, சனி

விழா இனிதே நடந்தது. அதாவது மைக் வேலை செய்தது.

முதலில் பேச்சு. பசியைப் பற்றி ஒரு மணி நேரம். பேசி முடித்தபோது நிஜமாகவே எல்லோருக்கும் பசி வந்துவிட்டது, அந்த வகையில் வெற்றிதான். பிறகு தைல பாட்டில் மூடி அளவில் ஒரு காகிதக் கிண்ணம் கொடுத்தார்கள். அதில்தான் ருசி பார்க்க வேண்டும். முதல் பாத்திரத்தில் பூசணி சூப். இரண்டாவதில் பூசணி சூப். மூன்றாவதில் ஏதோ காளான் என்று ஆசையாகப் போனேன், அதிலும் அடியில் பூசணி. பூசணிக்காய் மலிவாக வந்தால் தர்மசிந்தை பொங்கிவிடுகிறது.

பதினோராவது பாத்திரத்திலும் பூசணி சூப்தான். வாயில் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். மிளகு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. வறுத்த வெங்காயத்தின் வாசனை கடைசியில், தொண்டைக்குப் போகிறபோதுதான் வந்தது. இவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை, இன்னொரு கிண்ணத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளரம்மா மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். பழக்கமில்லாத விஷயம். உளறிவிட்டேன். "என் நம்பர் பதினொண்ணு. இத சமைச்சது யாரா இருந்தாலும் சரி, அந்தக் கைய பிடிச்சு ஒரு முத்தம் குடுக்கணும்" என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆளாளுக்குக் கை தட்டினார்கள். மானம் போயிற்று.

அக்டோபர் 11, ஞாயிறு

வயிறு சரியில்லை. தர்மம் செய்த களைப்பு.

அக்டோபர் 15, வியாழன்

முகவரி வந்துவிட்டது.

அந்த வீட்டு நம்பரை, அந்தத் தெருவை, நான் நோட்டீஸ் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கதவு நிறம் தெரியும். மூன்றாவது படி ஆடும் என்பது தெரியும்.

இவரிடம் காட்டினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "எனக்கு முதல் வாயிலயே தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீதான் மைக் பிடிச்சிட்டு நின்னியே."

மைதானத்தில் எங்கேயோ கூட்டத்துக்குள் நின்று அக்கா கேட்டிருப்பாள். முத்தமாம். கடவுளே.

அக்டோபர் 17, சனி

வேறு வீடு மாற்றித் தர முடியுமா என்று செயலாளரம்மாவுக்குப் போன் செய்தேன். விதிமுறை விதிமுறைதானாம். நான் போகாவிட்டால் ஒரு தட்டு வீணாகும், அது முதியவர்களுக்குச் செய்கிற துரோகமாம். என் தட்டில் இருக்கிற சூப்பை நானே அந்த வண்டியில் ஏற்றிவிடுகிறேனே என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

காய்ச்சல் வந்தாலாவது நன்றாக இருக்கும். வராது. வேண்டும்போது எதுவும் வராது.

அக்டோபர் 24, சனி

எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது.

அக்காதான் கதவைத் திறந்தாள். "வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க." என்னைப் பார்த்துத்தான். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவள், என்னைக் கழுதை என்பதற்குக் குறைவாகக் கூப்பிடாதவள் – 'வாங்க'! செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நானும் விடவில்லை. "உங்க வீடு நல்லா இருக்குங்க" என்றேன். அத்தான் பாவம், இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பவே இல்லை.

விருந்தாளிகளில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், சாப்பாட்டைச் சாப்பிடாமல் போட்டோ எடுக்கிற ஒரு இளம் தம்பதி, மேற்பார்வைக்குச் செயலாளரம்மா. நாங்கள் இரண்டு பேர்.

சூப் வந்தது. முதல் கரண்டி வாய்க்குள் போனது.

சர்க்கரை. உப்பு இருக்க வேண்டிய இடத்தில் அத்தனையும் சர்க்கரை. பூசணி, மிளகு, வெங்காயம், அதன் மேல் பாகு.

இனிமேல்தான் வேடிக்கை. "ஆஹா" என்றார் மேனேஜர். "ஒரு புதுமை தெரியுதுங்க" என்றார் செயலாளரம்மா. அந்தப் பெண், "ரொம்ப வித்தியாசமா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இன்னொரு போட்டோ எடுத்தாள். நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோம், நாக்கைப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. இவர் மட்டும் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். வாயை மூடு என்று அர்த்தம்.

நான் சூப்பைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். தண்ணீரை டம்ளரில் ஊற்றும்போது விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றினாள். ரொட்டித் தட்டை மேஜையில் வைப்பதற்கு முன்னால் மேஜை எங்கே என்று கையால் தடவினாள். மூக்கில் இருந்தது நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி. சண்டைக்கு முந்தின வருடம் செய்தது. ஒரு காதுப் பக்கம் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். ஊரில் வேறு கடையே இல்லையா? இருக்கிறது. போகவில்லை. என் கடைக்கும் வரவில்லை. டப்பாவில் எழுதியிருப்பது தெரியாமல், இடத்தை வைத்தே உப்பு எது, சர்க்கரை எது என்று எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தான் விருந்துக்காக அலமாரியைத் துடைத்து, டப்பாக்களை அழகாக இடம் மாற்றி அடுக்கிவிட்டாராம், கிளம்பும்போது அவரே சொன்னார். உதவி! சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கமும் அவளுக்குக் கிடையாது. கை அளவு போதும் என்பாள்.

எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் அவளும் உட்கார்ந்தாள். ஒரு கரண்டி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகக் கரண்டியை வைத்தாள். நேராக என் பக்கம் திரும்பினாள். அவள் காத்திருந்தாள். நான் ஏதாவது சொல்லப்போகிறேன் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்து இன்னொரு கரண்டி குடித்தேன். குமட்டியது. இன்னொரு கரண்டி.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. "கடைசியில வைக்க வேண்டிய இனிப்ப முதல்லயே வச்சிட்டே. சூப்பு எப்பக்கா வரும்?"

செயலாளரம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சின்ன வயதில் சிரிக்கிற மாதிரி, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்க. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. "கழுதை" என்றாள். "சாப்பிட்டியேடி அத, கழுதை!"

மேனேஜர் மிகவும் மரியாதையாக, "நானும் அப்பவே நெனச்சேன்" என்றார். நினைத்தாராம்! இரண்டாம் முறை வாங்கிக் குடித்த மனிதர்.

அக்டோபர் 25, ஞாயிறு

நாக்கு இன்னும் இனிக்கிறது.

நலச் சங்கத்து நன்றிச் செய்தி வந்தது. 'உறவுகள் மலர்ந்த மாலை' என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் அவர்கள்தான் ஏற்பாடு செய்தார்களாம்.

அக்டோபர் 28, புதன்

அக்கா கடைக்கு வந்தாள். முதலில் ஃபிரேம் எதுவும் பிடிக்கவில்லை என்று ஒரு பாட்டம் சண்டை. பிறகு உள்ளே இருட்டறையில் உட்கார வைத்தேன். எழுத்துப் பலகையில் பெரிய எழுத்தைத் தாண்டி அவளால் இறங்க முடியவில்லை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றும் பிரயோஜனமில்லை. விளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை. பாலாடை படிந்த மாதிரி மங்கலாக.

இத்தனை நாள் கண்ணாடிதான் பழசு என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்ணாடிக்கு இதில் வேலையே இல்லை. டாக்டரிடம் போக வேண்டும், அறுவை செய்ய வேண்டும்.

சொன்னேன். கிண்டல் இல்லாமல்தான் சொன்னேன். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பையை எடுத்தாள்.

"நான் பாத்துக்கறேன்."

"நான் பாத்துக்கறேன்னா என்ன அர்த்தம்?"

"பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன்னு அர்த்தம்."

போய்விட்டாள். தெரியும் எனக்கு. அவள் பார்த்துக்கொள்கிற அழகு எனக்குத் தெரியும்.

நவம்பர் 1, ஞாயிறு

போன் இல்லை.

நவம்பர் 3, செவ்வாய்

இல்லை. நான் ஏன் போன் அடிக்க வேண்டும்? அடித்தால் டாக்டரிடம் போனாயா என்று கேட்பேன், இல்லை என்பாள், நான் ஏதாவது சொல்லுவேன், இன்னொரு மூன்று வருடம். இவர் கேட்கிறார், என்ன மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று. எங்கே தூக்கி வைத்தேன், அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

கடைக்கு யார் உள்ளே வந்தாலும் பயமாக இருக்கிறது. உங்க அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டுவிடுவார்களோ என்று.

நவம்பர் 6, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன். அக்கா.

"வர்ற வியாழக்கிழம வலது கண்ணு பண்றாங்களாம். காலையிலயே வரச் சொல்லிட்டாங்க."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"அவர்கிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். நீ கூட வரணும்."

என் வாய் சும்மா இருக்குமா? "நான் வந்தா கிண்டல் பண்ணுவேனே."

"பண்ணு. எனக்குப் பயமா இருக்குடி. உள்ள கூப்பிடற வரைக்கும் பக்கத்துல உக்காந்து ஏதாவது உளறிக்கிட்டே இரு."

சரி என்றேனா, போனை வைத்தேனா, ஒன்றும் நினைவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு முதலாளியிடம் போய் வியாழக்கிழமை லீவு கேட்டேன். எதற்கு என்றார். எங்க அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்றேன். இந்த முறை நான் சொல்லி இன்னொருவருக்குத் தெரிகிறது.

வியாழக்கிழமைக்குள் நாலு நல்ல கிண்டலாவது யோசித்து வைக்க வேண்டும். சாயங்காலத்திலிருந்து உட்கார்ந்து பார்க்கிறேன், ஒன்றுகூட வரமாட்டேன் என்கிறது.