அத்தானின் கடைவாய்ப் பல்

பெரியாஸ்பத்திரி,
யாழ்ப்பாணம்.
14.5.1984

சேசு மரி சூசை துணை

மச்சான் அடைக்கலநாதனுக்கு,

நான் சாகவில்லை. இதை முதல் வரியாக எழுதச் சொன்னவர் உன் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து முத்துக்குமாரு. மறியலில், கம்பிக்குப் பின்னால், நீ சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாயாம். இதை அவரே கொண்டுவந்து தருவார்.

கட்டிலோரம் இருந்து எனக்குச் சட்டம் விளங்கப்படுத்தினார். "பிலிப்பு, நீ செத்தால் அவன்ரை தலையிலை கொலை வழக்கு. கோபத்திலை, கொல்ல நினையாமல் அடிச்சதெண்டு நான் காட்டினால் கைமோசக் கொலை. நீ பிழைச்சால் வெறும் காயம்" என்றார். பார்த்தாயா, நீ தூக்குமரம் ஏறுவதும் ஏறாததும் என் கஞ்சிக் கிண்ணத்தில் இருக்கிறது! அதனால்தான் இந்த உப்பில்லாத கஞ்சியை வழித்து வழித்துக் குடிக்கிறேன்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். பெருநாளில் மாதா சுரூபம் தூக்கும்போது முன்தடியை உனக்கு விடாமல் நானே தோள்கொடுத்தேன் என்பதற்காக, கள்ளைக் குடித்துவிட்டு வந்து தோணித் துடுப்பால் மண்டையில் போடுவதா? உன் அக்கா லூர்த்தம்மா உன் பெயரை எடுத்தாலே எழும்பிப் போகிறாள். எனக்குப் பெண்சாதி என்பதை விட, உனக்கு அக்கா என்பதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுடுகிறது.

சாப்பிடு.

உன் அத்தான்
பிலிப்பு

பருத்தித்துறை,
20.6.1984

அன்புள்ள அத்தானுக்கு,

பிணையில் விட்டதும் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வழக்கு முடியும்வரை குருநகரில் கால் வைக்கக்கூடாது, சாட்சிகளோடு கதைக்கக்கூடாது என்று நீதவான் சொல்லிவிட்டார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனபடியால் எழுதுகிறேன்.

நீங்கள் எழும்பி நடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஆனால் டாக்குத்தரின் அறிக்கையில், என் அடியால் உங்கள் கடைவாய்ப் பல் ஒன்று முறிந்ததாக இருக்கிறதாம். மண்டைக் காயம் சிறுகாயம்தான், நீங்கள் சம்மதித்தால் கோட்டிலேயே, நீதவானுக்கு முன்னால், சமாதானமாக முடிக்கலாம். பல் போனால் அது பெருங்காயம், மறியல்தான் என்கிறார் அப்புக்காத்தர். "குற்றம் செய்யேல்லை, சுற்றவாளி எண்டு சொல்லும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்கிறார். எந்த முகத்தோடு சொல்ல? நான் குற்றவாளி என்றே ஒப்புக்கொண்டு உள்ளே போகிறேன் அத்தான். செய்தது நான்தானே.

அக்கா ஒரு சொல்லாவது சொன்னாவா?

தம்பி
அடைக்கலம்

குருநகர்,
25.6.1984

அட விசரா,

அந்தப் பல்லை நீ உடைக்கவில்லை! தவக்காலத்தில், வலை தண்ணீரில் தாழ ஈயம் கட்டும்போது, ஈயத்தைக் கடித்து நெரிக்கையில் முறிந்த பல் அது. எங்கள் கரையில் எல்லாரும் பல்லால்தான் நெரிக்கிறோம். உன் அக்கா மட்டும், "குறட்டாலை நெரியுங்கோ, பல்லுப் போகப்போகுது" என்று கத்திக்கொண்டே இருப்பாள். அவள் சொன்னது போலவே போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைவாய்தானே, ஆருக்குத் தெரியப்போகிறது என்று மறைத்துவிட்டேன்.

நினைவில்லாமல் கிடந்த என் வாயில், உதடு வெடித்த இரத்தத்தையும் முறிந்த பல்லையும் டாக்குத்தர் சேர்த்துக் கண்டிருக்கிறார். அவரில் பிழை இல்லை. லூர்த்தம்மாவோ, "என்ரை மனிசன்ரை பல்லையும் உடைச்சுப்போட்டான்" என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிகிறாள். இனி நான் கோட்டில் ஏறி, அவளுக்கு முன்னால் ஈயக் கதையைச் சொல்லவேண்டும். உனக்கு மறியல் பயம், எனக்கு வீட்டுப் பயம். ஆனாலும் சொல்லுவேன். பெருங்காயத்துக்கு நீ சுற்றவாளிதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. குற்றவாளி என்று வாய் திறந்தாயோ, இந்த முறை துடுப்பு என் கையில் இருக்கும்.

பிலிப்பு

குருநகர்,
10.9.1984

அன்பு மச்சான்,

கோட்டால் வெளிக்கிட்டதும் என் முகத்தைக்கூடப் பாராமல் பஸ் ஏறிவிட்டாய். நல்ல ஆள் நீ!

நான் ஈயக் கதையைச் சொல்லக் கோடே சிரித்தது. அது பழைய முறிவாகவும் இருக்கலாம் என்று டாக்குத்தர் ஒப்புக்கொண்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. "ஆருக்கும் பயந்தோ சமாதானமாய்ப் போறீர்?" என்று நீதவான் கேட்டார். "மனிசிக்குப் பயம்தான் ஐயா. ஆனால் சமாதானம் என்ரை விருப்பம்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய்.

வழக்கு முடிந்தது, நாங்கள் இருவரும் கடலுக்குப் போகிற தோணி கரையில் கிடக்கிறது, நீ ஏன் இன்னும் அங்கே? எனக்குப் பின்னால் இருந்து துடுப்புப் பிடிக்கக் கை கூசுகிறது என்கிறாயாம், பெரியம்மா எழுதினா. என் முதுகு கூசவில்லை, உன் கை ஏன் கூசுகிறது?

லூர்த்தம்மா கோட்டால் வந்த நாள் தொட்டு என்னோடும் கதைக்கவில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தாள். "கோடு உங்களைக் கேட்டுது. என்னை ஆர் கேட்டது? எங்களைப் பெத்த ஆச்சி செத்தாப்பிறகு உவனுக்குச் சோறு தீத்தி வளர்த்தது நான். உவன் என்ரை தாலியிலை கை வைச்சவன். உவனோடை நான் கதைக்க மாட்டன்" என்று அழுதாள். பிறகு எழும்பிப் போய்விட்டாள். கொஞ்சம் கழித்து அடுப்படிக்குள் இருந்து சத்தம் வந்தது: "வாறதெண்டால் மத்தியானத்துக்கு முன்னம் வரச் சொல்லுங்கோ. சோறு ஆறிப்போம்."

பிலிப்பு

பருத்தித்துறை,
14.9.1984

அன்புள்ள அத்தானுக்கு,

பஸ் ஓடினால் வாற சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னம் வாசலில் நிற்பேன்.

உங்கள் கடிதத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கி, அடுப்படிச் சத்தம் வந்த இடத்தில் வாசிக்க முடியாமல் போய்விட்டது. மிச்சத்தைப் பெரியம்மாவே வாங்கி வாசித்தா.

அக்காவிடம் சொல்லுங்கோ, என்னோடு கதைக்க வேண்டாம். நானும் ஒன்றும் கதைக்க மாட்டேன். அவ போடுகிறதைச் சாப்பிட்டுவிட்டுச் சோத்துக் கோப்பையைக் கழுவி வைப்பேன். பிறகு அடுப்படி வாசலிலேயே இருப்பேன். அவவுக்கு ஏச வேண்டும் போல இருந்தால் ஏசட்டும். பொழுது பட்டாலும் எழும்ப மாட்டேன், முழுக்க இருந்து கேட்பேன்.

உங்கள் தம்பி
அடைக்கலம்