உன் குரலைச் சலித்த மிளகாய்ச் சல்லடை

நண்பா,

இன்று மத்தியானம், ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பக்கத்தில் என் மாமாவின் துணிக்கடை மாடியில், நாம் செய்த மைக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தூசி போகட்டும் என்று வாயருகே வைத்து ஊதினேன். தும்மல் பிடித்துக்கொண்டது. மிளகாய் நெடி. கண்ணெல்லாம் நீர்.

"மேல என்னடா, யார நெனச்சு அழுவுற?" என்று மாமா கீழேயிருந்து கேட்டார்.

"தும்முறேன் மாமா."

அவர் கேட்டதும் தப்பில்லை, நான் சொன்னதும் தப்பில்லை. விளக்கத்தான் தெம்பில்லை.

என் மூக்கை உனக்குத் தெரியும். மிளகாய் அரைக்கும் கடையின் பின்கட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் யாருக்குமே மிளகாய் நெடி தெரியாது. வாடிக்கையாளர்கள் வாசலிலேயே தும்மும்போது, இவர்களுக்கு ஏன் எப்போதும் ஜலதோஷம் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். "ஒன் மூக்கு மூஞ்சிக்கு அழகுக்கு வெச்சது, அதுவும் சரியா வெக்கல" என்பாய்.

போன மழைக்காலத்தில் டாக்டர் உனக்குக் காசம் என்று சொல்லிவிட்டார். டத்தோ கிராமாட்டில் உன் வீட்டு மாடியறையில் படுக்கவைத்தார்கள். உன் அம்மா படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, "மேல போவக்கூடாது தம்பி, இங்கேருந்தே பேசு" என்றார். நான் பேசுவேன், என் தொண்டைக்கு என்ன குறை? உன் குரல்தான் முணுமுணுப்பாகச் சுருங்கி, கட்டிலைவிட்டே இறங்க மாட்டேன் என்றது. சீட்டு எழுதிப் போட்டுப் பார்த்தாய். மூன்றாவது சீட்டில், 'எழுதினா சிரிப்பு வரல. பேசணும் லா' என்று இருந்தது.

அப்படித்தான் மைக்கு வந்தது. பத்திரிகைப் படத்தைப் பார்த்து நீ மேலேயிருந்து சீட்டில் சொல்ல, நான் கீழே செய்தேன். செத்த டார்ச் பேட்டரியின் கரியை இடித்துத் தூளாக்கி, சிகரெட் டின்னுக்குள் மெல்லிய தகட்டின் பின்னால் நிரப்பினோம். பழைய இரும்புக் கடையில் டெலிபோன் காதுக்குழல் ஒன்று கிடைத்தது; மின்சாரத்துக்குப் புது பேட்டரி ஒன்றைச் சேர்த்தோம். கம்பி உன் கட்டிலிலிருந்து படிக்கட்டு வழியாக என் காதுக்கு இறங்கியது. நீ பேசினாய், எனக்குக் கேட்டது. அப்புறம் நீ இருமினாய். ஈரம் உள்ளே போய்க் கரித்தூள் கட்டிதட்டியது. நீ ஊமையானாய்.

வாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு வலை வேண்டும். காற்று போகணும், எச்சில் போகக்கூடாது. கோழிக்கூண்டுக் கம்பியை வெட்டி வைத்தேன். கோழியைத் தடுத்த வலை, உன் இருமலைத் தடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அலமாரியில் ஈ புகாமல் அடித்திருந்த இரும்பு வலையை வெட்டினேன், அம்மாவிடம் அடியும் வாங்கினேன். பினாங்குக் கடல்காற்றிலும் உன் மூச்சிலும் அது சீக்கிரமே துருப்பிடித்து, துரு உள்ளே உதிர்ந்து, உன் பேச்சு முழுக்க அப்பளம் நொறுங்கியது. பால் வடிகட்டி வலை ரொம்பப் பொடி; தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தாய்.

ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடியதில் கடைசியில் கிடைத்ததும் சல்லடைதான். அப்பா கழித்துப் போட்ட மிளகாய்ச் சல்லடை. பித்தளைக் கம்பி, துருப்பிடிக்காது, கண்ணும் அளவான கண். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வட்டமாக வெட்டி டின்னில் பொருத்தி, உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன்.

காதுக்குழலில் முதலில் வந்தது பேச்சல்ல, தும்மல். பீரங்கி வெடித்தது போல. தும்மினால் ஆயுசு சொல்லும் வழக்கம் விடுமா? "நூறு!" என்று கத்தினேன். இன்னொன்று. "இருநூறு!" நான் கத்துவது மட்டுமே கேட்கும் உன் அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன தம்பி, ஏலம் விடுறியா?" என்றார்.

பிறகு உன் குரல் வந்தது, தெளிவாக. "பதினேழு வயசத் தாண்டவே வழியக் காணோம். ஒனக்கு நூறு கேக்குதா?"

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். படுத்தபின் உன் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

"புளி போட்டுத் தேச்சியா, மொளகா போட்டுத் தேச்சியா?"

"இறக்கி அனுப்புடா, வேற வலை பாக்குறேன்."

"மாத்தாத. இங்க எல்லாமே மருந்து நாத்தம். வெளிய இருந்து வந்தது இது ஒண்ணுதான்."

அந்த வலை உன் இருமலைத் தாங்கியது. தினமும் பள்ளிவிட்டு வந்து கடைசிப் படியில் உட்காருவேன். போகப் போக நீ பேசுவது குறைந்தது. மூச்சு மட்டும் வரும். நான் கத்திக் கத்தி வேடிக்கை சொல்வேன். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"சலிச்சுப் போச்சா?" என்றாய்.

"சல்லடை வெச்சா சலிக்காதா?"

அதற்கு நீ சிரித்தாயா, மூச்சு வாங்கியதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்தபின் உன் அம்மா மைக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தார். "இன்னும் மொளகா நெடி அடிக்குதுப்பா" என்றார். மோந்து பார்த்தேன். "இல்லையேம்மா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு அப்பா என்னை இங்கே மாமாவிடம் அனுப்பினார். துணி கிழிக்கிறேன், மடிக்கிறேன், வருகிறவர்கள் கேட்டால் ஒரு வேடிக்கை சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போகிறார்கள். முழத்துக்கு இரண்டு வேடிக்கை கேட்கிறார்கள், அலுப்பாக இருக்கிறது. வாலிபர் சங்கக் கூட்டத்துக்கு மைக்கைக் கேட்டவர், "வலை பாசி பிடிச்ச மாரி பச்சையாக் கெடக்கு, புதுசா மாத்திக் குடு தம்பி" என்றார். தருவதாக இல்லை.

இத்தனை மாதம் வெறும் துணி வாசத்தில் இருந்ததில் என் மூக்கு திறந்துவிட்டது போலிருக்கிறது. அன்று நீ கட்டிலில் கிடந்து என்ன மோந்தாய் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சரியான காட்டம்டா.

மறுபடியும் தும்மினேன். கீழே மாமா யாருக்கோ துணி அளந்துகொண்டிருந்தார், நூறு சொல்ல ஆளில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். நூறு வரவில்லை.

"பதினெட்டு" என்றேன், மைக்கில்.